பிரித்துக் கட்டிய பெஞ்ச்

ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் முகாமின் முதல் சட்டம். கட்டியவர்தான் இறுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் போட்டவர் மேஸ்திரி. உண்மையில் அவர் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காட்டைக் கண்டதும் கை பரபரக்கும். வருஷத்துக்கு ஒரு முறை, நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும்போது, அவர் தலைமையில் பதினோரு பேர் கிளம்புவோம். வனத்துறைக்காரர்கள் வெட்டிக் கழித்த கழிகளை அனுமதி வாங்கி இழுத்து வந்து, வெறும் கயிற்றால் கட்டி, மேஜை, பெஞ்ச், பாத்திரம் வைக்கும் தட்டு, சாய்வு நாற்காலி என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதை எல்லாம் செய்வோம். கடைசி நாள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு வருவோம். வீட்டில் நல்ல சோபா இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று கேட்காத உறவினர் கிடையாது. ஒரு தடவை கட்டிப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார்.

நார்க்கயிறு பனியில் நனைந்தால் விறைக்கும், வெயில் பட்டுக் காய்ந்தால் தளரும். கழியும் பச்சை. அதனால் தினமும் வெயில் ஏறிய பிறகு, அவரவர் கட்டியதை அவரவர் போய் ஆட்டிப் பார்த்து, தேவையானால் பிரித்து மறுபடி இறுக்க வேண்டும். யார் கட்டியது என்று தகராறு வராமலிருக்க ஆளுக்கு ஒரு நிற நூல் உண்டு. கட்டி முடித்ததும் கயிற்றின் நுனியில் அதைச் சுற்றிவிடுவோம். என்னுடையது நீலம். என் நாத்தனாருடையது மஞ்சள்.

கட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குறுக்கே வைத்த இரண்டு கழிகளையும் சேர்த்து நான்கு சுற்று சுற்ற வேண்டும். பிறகு கயிற்றை இரண்டு கழிகளுக்கும் நடுவே விட்டு, சுற்றிய கயிற்றையே மூன்று முறை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். மேஸ்திரி இதற்கு நெரிப்பு என்று பேர் வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் நான்கு சுற்று அல்ல, நாற்பது சுற்று சுற்றினாலும் வெயில் ஏறியதும் கழி நழுவும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் அறுவை அரங்கில் நர்ஸ். முடிச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

என் கணவரின் ஒரே தங்கை அவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்து, அதன் பிறகு தனியாக இருக்கிறாள். கடையில் மயிரிழை பிசகாமல் வேலை செய்பவள், வெளியே வந்தால் குடையை பஸ்ஸில் விடுவாள், பாலைப் பொங்க விடுவாள், தொடங்கிய எதையும் பாதியில் விடுவாள். என் கணவர் அவளுக்குச் சிறு வயதில் வைத்த பேர் அரைகுறை. அவளும் அதற்குச் சிரித்துக்கொண்டே "என்னண்ணா" என்று கேட்பாள்.

அந்த அரைகுறை மூன்று வருஷமாக ஒரே பிடியாக நின்றாள். அம்மா என்னோடு வந்து இருக்கட்டும் என்றாள். உன்னையே நீ பார்த்துக்கொள்ள மாட்டாய் என்று அண்ணன் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். அவள் விடவில்லை. தன் மாடிவீட்டில் ஒரு அறையை ஒழித்து, புதுக் கட்டில் வாங்கி, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் பொருத்தினாள். முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால் என் மாமியாரே சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் தேதி போவதாக ஏற்பாடு.

எனக்கு விடுதலை என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னேன். இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்றேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்படியில் மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். ஆனால் அவருடைய மாத்திரை எது, எந்த முழங்காலில் வலி, எந்தப் பேச்சுக்கு எப்போது கோபம் வரும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அத்தனையும் தெரிந்த என்னை விட்டுவிட்டு, பாலைப் பொங்க விடுகிறவளிடம் போகிறேன் என்கிறாரே என்று உள்ளுக்குள் வயிறு எரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

முகாமின் முதல் நாள் நாத்தனார் ஒரு பெஞ்ச் கட்டினாள். யாரையும் கூட்டுச் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் பெருக்கல் குறி போலக் கால்கள், அவற்றின் கவட்டில் இரண்டு நீளக் கழிகள், மேலே நெருக்கமாகச் சின்னக் கழிகள். காலையில் உட்கார்ந்தவள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. பிடிக்காததைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. மேஸ்திரி வந்து பெஞ்சை ஆட்டினார், மேலே ஏறி நின்றார், குதித்தும் பார்த்தார். அசையவில்லை. இந்த வருஷத்துக்கு இதுதான் சாமான் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

என்னோடும் கணவரோடும் முகாமுக்கு வந்திருந்த என் மாமியார் அன்று பிற்பகல் முழுக்க அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர், விறகு கொண்டு வருகிறவர், எவர் அந்தப் பக்கம் போனாலும் நிறுத்தி, என் பொண்ணு கட்டினது என்றார். கேட்டவருக்கே இரண்டாம் தடவையும் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த எதையும் அவர் இப்படி நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

நான் ஒரு சாய்வு நாற்காலி கட்டிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கத்தில் கடைசிக் கட்டுக்குக் கயிறு போதவில்லை. இன்னும் பன்னிரண்டு முழம் வேண்டும். மீதிக் கயிறு வேனில் இருந்தது. வேன் சரிவுக்குக் கீழே, பத்து நிமிஷ நடை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, மாமியாரையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் ஓடைக்குப் போயிருந்தார்கள். எதிரே பெஞ்ச். அதன் இடது காலில் இருந்த கட்டைப் பிரித்தேன். நல்ல நீளக் கயிறு. அதை எடுத்துக்கொண்டு, அங்கே இரண்டு துண்டுக் கயிற்றை முடிந்து சுற்றினேன். மூன்று சுற்றுக்குத்தான் வந்தது. நெரிப்புக்கு மிச்சமில்லை. காலையில் வேனிலிருந்து கயிறு வந்ததும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மஞ்சள் நூலை எடுத்துப் பழையபடி நுனியில் சுற்றினேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் நீல நூல் பையில்தான் இருந்தது.

காலையில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. என் நாற்காலியை எல்லோரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்துப் புகழ்ந்ததில் மறந்திருந்தேன். ஒன்பது மணிக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் நாத்தனார் தன் பெஞ்சைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டாகக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. நல்லதாயிற்று, அவளே கண்டுபிடித்து மறுபடி கட்டிவிடுவாள் என்று விட்டுவிட்டேன். இடது காலருகே அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு என் மாமியார் தேநீர் டம்ளரோடு போய் உட்கார்ந்தார். இடது கால் விரிந்து தரையோடு படுத்தது. அவர் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு உடைந்த சத்தம், அடுப்பருகே நின்ற எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் தொழிலில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஓடிப் போய்ச் சின்னக் கழிகளை வைத்து மணிக்கட்டை அசையாமல் கட்டியது நான்தான். நல்ல வேளை நீங்கள் இருந்தீர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேஸ்திரி, விழுந்து கிடந்த பெஞ்சின் காலைப் புரட்டி, அவிழ்ந்த கயிற்றின் நுனியைத் தேடி எடுத்தார். மஞ்சள் நூல். கயிற்றைக் கீழே போட்டார். என் கணவர்தான் தங்கையைப் பார்த்து, காலையில் பார்த்தாயா இல்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். பார்த்திருந்தால் எப்படி விழும் என்று கத்தினார். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அண்ணனிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. என் கை மாமியாரின் கட்டின்மேல் இருந்தது.

அறுவை சிகிச்சை இல்லாமல் மாவுக்கட்டோடு தப்பித்தோம். ஆறு வாரம். முதல் தேதி வந்தது, போயிற்று. மாமியார் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் மகளைக் குறை சொல்லவில்லை. கயிறுதானே, அறுந்தால் என்ன செய்வது என்றார். மாவுக்கட்டைப் பிரித்ததும் அவளிடம் போகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றவள் மகள்தான்.

ஞாயிறுதோறும் வருவாள். நாற்காலி நுனியில் உட்காருவாள். அம்மா தண்ணீர் கேட்டால் எழுந்திருக்க மாட்டாள். என்னைக் கூப்பிட்டு, நீங்களே குடுத்துடுங்க அண்ணி என்பாள். அம்மா எழுந்து நடந்தால் சுவரோடு ஒதுங்கி நிற்பாள், தன் நிழல் பட்டாலே விழுந்துவிடுவார் என்பது போல. முன்பெல்லாம் அவளைக் கண்டபடி கிண்டல் செய்கிற என் கணவர், இப்போது அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பாருங்கள். மாத்திரை என் கையால், குளிப்பது என் தோளைப் பிடித்து, தலை வாருவது என் விரலால். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். நான் கட்டியது தப்புதான், ஆனால் அவள் பார்த்தாளே, பார்த்தும் கவனிக்கவில்லையே, சட்டப்படி அவள்தானே இறுக்கியிருக்க வேண்டும். இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டினேன்.

ஐந்தாவது ஞாயிறு அவள் ஒரு செய்தி கொண்டு வந்தாள். கடையின் புதுக் கிளை ஒன்று வெளியூரில் திறக்கிறது, ரயிலில் எட்டு மணி நேரம், அங்கே போகக் கேட்டிருக்கிறார்கள், அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், போகலாம் என்று இருக்கிறாள். மாமியார் மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவள் போன பிறகு என்னிடம், "என் கை போனதுக்கு அவ ஊரை விட்டே போகணுமா?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்து வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். கட்டைப் பிரித்தது நான், மறுபடி கட்டியது நான், உன் நூலைச் சுற்றியது நான். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் முகத்தில் தூக்கமில்லை. உள்ளே அட்டைப் பெட்டிகள். அம்மாவுக்கென்று வாங்கிய கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தாள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம். குளியலறைக் கதவு திறந்திருந்தது. கம்பி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அதையும் கழற்றியாயிற்று.

உட்காராமலேயே சொன்னேன். பெஞ்சின் இடது காலைப் பிரித்துக் கட்டியது நான் என்றேன். அவள் அதிரவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"தெரியும் அண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் காலையிலயே தெரியும். சுத்தெல்லாம் எதிர்ப்பக்கமா போயிருந்துச்சு. நம்ம கூட்டத்துல இடது கைக்காரங்க நீங்க ஒருத்தர்தான்."

தெரிந்துமா விட்டாய் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. குற்றவாளி நான், அதட்டுவதும் நான்.

"நீங்க கட்டினதுன்னு தெரிஞ்சதாலதான் விட்டேன். நெரிப்பு இல்லையேன்னு தோணுச்சு. ஆனா முடிச்சுல அண்ணிக்குத் தெரியாததா? என் கட்டுல ஏதோ தப்பு இருந்திருக்கு, எல்லார் முன்னாடியும் சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு, நீங்களே சத்தமில்லாம சரி பண்ணி என் நூலையே சுத்தி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். அதனால கை வைக்கல."

அப்படியானால் அண்ணன் கத்தியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? நான் ஒழுங்கா கட்டியிருந்தா நீங்க அதைத் தொட்டிருக்கவே மாட்டீங்களே. எனக்கு உதவி பண்ண வந்தவங்களைக் காட்டிக் குடுக்கணுமா?"

பஸ்ஸில் வரிசைப்படுத்திய மூன்றும் செல்லாக் காசாயின. அவை எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்தவை. அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். அதைச் சொல்ல நான் இங்கே வரவே இல்லை. ஐந்து வாரமாக நான் பிடித்துக்கொண்டிருந்த சமாதானமும் போயிற்று. அவள் கவனிக்காமல் விடவில்லை. என்னை நம்பி விட்டிருக்கிறாள்.

"உன் கட்டுல ஒரு தப்பும் இல்லம்மா. எனக்குக் கயிறு வேண்டியிருந்துச்சு. என் நாற்காலிக்கு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு வேனில் இருந்ததே என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். உன் அம்மா அதில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை, அவர் உன்னிடம் வரப் போகிறார் என்பதும் தாங்கவில்லை என்றேன். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சாய்த்து வைத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கீழே தெருவில் யாரோ ஷட்டரை ஏற்றினார்கள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருந்துச்சா அண்ணி? என் கட்டு?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் உடைந்தேன். இருந்தது என்றேன். நான்கு சுற்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிந்திருந்தது, நெரிப்பு அவ்வளவு இறுக்கம், அதைப் பிரிக்கவே எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது, நகம் ஒன்று பிய்ந்தது, அந்த நேரத்தில் வேனுக்கே போயிருக்கலாம் என்றேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஒன்று விடாமல் மறுபடி சொன்னேன்.

பிறகு அவள் போனை எடுத்து, அண்ணன் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள். அவள் எதிரிலேயே சொன்னேன். போனை அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். மாமியாரிடமும் அதையே, நாற்காலியையும் வேனையும் மஞ்சள் நூலையும் விடாமல் சொன்னேன். என்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எதற்குத்தான் திட்டவில்லை.

"அவகிட்ட குடு" என்றார்.

அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெட்டிகளுக்கு நடுவே நின்றேன். அவள் அழுவதும் இடையில் சிரிப்பதும் கேட்டது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அந்த மாத்திரைகளும் அந்த முழங்காலும் இனி என் பொறுப்பில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கால்மணி நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கட்டில் கடைக்காரருக்குப் போன் செய்து கட்டிலைத் திருப்பித் தரவில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மாவுக்கட்டைப் பிரிச்சதும் அம்மா இங்க வந்துடுறாங்களாம். கொண்டு வந்து விட நீங்க வர வேணாம் அண்ணி. அண்ணன் வரட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னாள். சரி என்றேன். வாசலில் செருப்பைப் போடும்போது, எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு என்று எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்பச் சொன்னாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.